இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு லிட்டர் தண்ணீர்

2019 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்பு, நானும் என் மனைவியின் தம்பியும் வட கலிபோர்னியாவின் லாசன் எரிமலைத் தேசியப் பூங்காவில் சிண்டர் கோன் என்ற கரிய கூம்பின் அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து வந்திருந்தோம். அதில் பாதி அங்கே வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது. அதைப் பற்றி எனக்குக் கவலை எழவில்லை. வரைபடத்தில் கூம்புக்கு வடகிழக்கே பியூட் ஏரியும் தென்கிழக்கே ஸ்னாக் ஏரியும் நீலமாக விரிந்து கிடந்தன. நான் பிறந்து வளர்ந்தது போடிநாயக்கனூரில். மலை என்று இருந்தால் எங்காவது ஓர் ஓடை இருக்கும், நின்று காது கொடுத்தால் போதும் என்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே பழகிப்போன கணக்கு. இரண்டு ஏரிகளுக்கு நடுவே நடக்கப் போகிறவன் தண்ணீரைச் சுமப்பானேன் என்று புறப்படும்போது மைத்துனரிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தேன்.

கீழிருந்து பார்க்கையில், கூம்பின் சரிவில் ஒரு கோடுபோல ஏறிச் சென்ற பாதை அரை மணி நேர வேலையாகத்தான் தோன்றியது. பியூட் ஏரிக் கரையிலிருந்து உச்சிக்குப் போய்வர நான்கு மைல், ஏற்றம் சுமார் 850 அடி. அதைவிடப் பெரிய ஏற்றங்களை நாங்கள் பலமுறை ஏறியிருக்கிறோம். ஆனால் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கூம்பின் சரிவிலேயே குவிந்திருக்கிறது என்பதையும், அந்தச் சரிவு முழுவதும் கடலைப்பருப்பு அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை நொறுங்கிக் கிடக்கும் எரிமலைச் சரளை என்பதையும் நாங்கள் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. வீடு கட்டும் இடத்தில் கொட்டிவைத்த சல்லிக் குவியலின்மேல் சிறுவயதில் ஏறி விளையாடியவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று எளிதில் புரியும். அந்தக் குவியல் எழுநூறு அடி உயரத்துக்கு நிற்பதாகவும், ஆகஸ்டு மாத வெயிலில் காய்ந்துகொண்டிருப்பதாகவும் கற்பனை செய்துகொண்டால் மீதியும் புரிந்துவிடும்.

இரண்டடி ஏறினால் ஒரடி சறுக்கியது. மைத்துனர் என்னைவிட இளையவர், வேகமாக ஏறிப் பார்த்தார். வேகம் கூடக்கூடச் சறுக்கலும் கூடியதே தவிர உயரம் கூடவில்லை. நின்று ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கொல்லன் உலையிலிருந்து எடுத்துப் போடும் இரும்புக் கிட்டம்போல உடல் முழுவதும் துளைகள், விளிம்புகளில் உப்புத்தாள்போன்ற சொரசொரப்பு, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த எடை. வாயு நிறைந்த எரிமலைக் குழம்பு நீரூற்றுப்போல மேலே பீறிட்டு, வானத்திலேயே துண்டு துண்டாக உறைந்து, பீறிட்ட வாயைச் சுற்றியே விழுந்து குவிந்ததுதான் இந்தக் கூம்பு. நெல்லைக் கொட்டினால் குவியல் ஒரு குறிப்பிட்ட சாய்வு வரை ஏறி, அதற்குமேல் கொட்டுவதெல்லாம் உருண்டு ஓடிவிடும் அல்லவா? சரளையும் அப்படித்தான். ஏறக்குறைய 30 முதல் 35 பாகைச் சாய்வில், இதற்குமேல் நிற்க முடியாது என்ற நிலையில்தான் ஒவ்வொரு துண்டும் நிற்கிறது. அதன்மேல் நம் பாதம் அழுத்தும்போது அது நகராமல் வேறென்ன செய்யும்?

உச்சியை அடைந்தபோது இருவரிடமும் சேர்த்து ஒரு குவளை அளவுக்குக்கூடத் தண்ணீர் மிஞ்சவில்லை. வழியில் பசிக்கு என்று புளியோதரையும் வற்றலும் வேறு சாப்பிட்டிருந்தோம். உப்பும் உறைப்பும் நாக்கை ஒட்டவைத்தன. ஆனால் அங்கிருந்து தெரிந்த காட்சியை நான் மறுக்க முடியாது. ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரட்டை விளிம்புகளுடன் எரிமலை வாய் காலடியில் கிண்ணம்போல இறங்கியது. தெற்கே, சாம்பல் மேடுகள் செம்மண், ஆரஞ்சு, வெளிர்மஞ்சள் நிறங்களில் புடைத்துக் கிடந்தன. சூடு ஆறாத குழம்பின்மேல் சாம்பல் விழுந்து அதிலிருந்த இரும்பு துருவேறியதால் வந்த நிறங்கள் அவை. தென்மேற்கே லாசன் சிகரம். கிழக்குப் பக்கம் முழுவதும் கருங்கற்களை மலைபோல் குவித்துக் கலைத்துப் போட்டதுபோன்ற குழம்புப் பாறை வெளி. அந்த வெளியின் ஒரு முனையில் பியூட் ஏரி, மறுமுனையில் ஸ்னாக் ஏரி. இரண்டிலும் தண்ணீர் வெயிலில் மின்னியது.

“ஏரியப் பாத்துக்கிட்டே தாகத்துல நிக்கிறோமே மாமா,” என்றார் மைத்துனர். குறுக்கே இறங்கி நேராக ஏரிக்குப் போய்விடலாமா என்று அவர் கேட்டபோது, ஒரு கணம் நானும் அதை யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்லவேளையாக அடிவாரத்தில் அந்தப் பாறை வெளியின் ஓரத்தை ஒட்டி நடந்து வந்திருந்ததால் அதன் முகம் நினைவில் இருந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேலாகச் சுவர்போல நிற்கும் அதன் விளிம்பில், பெட்டி அளவிலும் அலமாரி அளவிலும் உள்ள பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் கிடக்கின்றன. ஒன்றில் கால் வைத்தால் அடுத்தது ஆடும். கை ஊன்றினால் தோல் கிழியும். இடையில் விழுந்த இடைவெளிகளுக்குள் கால் மாட்டினால் எலும்பு முறியும். அங்கே கைப்பேசிக்கு சிக்னலும் கிடையாது. இதுபோன்ற நிலத்தில் வரைபடத்தில் தெரியும் அரை மைல் தூரத்தைத் தூரமாகவே எண்ணக் கூடாது. அது ஒரு மதில். ஏரிக்குப் போக வேண்டுமென்றால் வந்த வழியே திரும்ப வேண்டும் என்று முடிவு செய்து இறங்கினோம்.

இறக்கம் பத்து நிமிடத்தில் முடிந்தது; அதற்குப் பிறகான ஒன்றரை மைல்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. பாதை நெடுக மணல்போலப் புதையும் கருஞ்சரளை. இருவரும் ஓட்டப்பயிற்சிக்கான வலைத்துணி ஷூ அணிந்திருந்தோம். அதன் வழியே உள்ளே புகுந்த துகள்கள் குதிகாலில் தேய்த்துத் தேய்த்துக் கொப்புளம் எழுப்பியிருந்தன. மைத்துனருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு பைன் மர நிழலில் நாங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, எதிரே வந்த வயதான தம்பதியர் இருவர் தாங்களாகவே நின்று, எங்கள் புட்டியில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்த அம்மையார் தன் முதுகுப்பையைத் திறந்தபோது உள்ளே மூன்று பெரிய புட்டிகள் வரிசையாக இருந்ததைப் பார்த்தேன். அவர்கள் எழுபது வயதைத் தாண்டியவர்கள்; நாங்கள் நாற்பதைக்கூட எட்டாதவர்கள். வெட்கமாக இருந்தது.

அங்கே ஏன் ஓடையே இல்லை என்பதை வீடு திரும்பிய பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் மலைகளில் கெட்டியான பழம்பாறை அடியில் இருக்கிறது. அதன்மேல் மண், மண்ணின்மேல் காடு. பெய்த மழை பாறையைத் தாண்டிக் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் கசிந்து ஓடையாக வெளிவருகிறது. சிண்டர் கோனைச் சுற்றிய நிலமோ சரளையும் சாம்பலும் வெடிப்பு விழுந்த குழம்புப் பாறையும் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஒரு சல்லடை. பனி எவ்வளவு பொழிந்தாலும் உருகிய நீர் விழுந்த இடத்திலேயே இறங்கிவிடுகிறது. சுற்றிலும் உயர்ந்த பைன் மரங்கள் நிற்பதைப் பார்த்துத் தண்ணீர் கிடைக்கும் என்று முடிவு கட்டியதும் என் தவறுதான். மரத்தின் வேர் எட்டும் ஆழத்துக்கு என் புட்டி எட்டாது.

அந்த ஏரிகள் எப்படி வந்தன என்ற கதை இதைவிடச் சுவையானது. இந்தக் கூம்பு எப்போது உருவானது என்பதில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. 1850ஆம் ஆண்டையொட்டி அந்தத் திசையில் நெருப்பு தெரிந்ததாகச் சிலர் சொன்னதை வைத்து, கூம்பு அப்போதுதான் வெடித்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்பியவர்கள் உண்டு. பிற்கால ஆய்வாளர்கள், குழம்பில் எரிந்த மரங்களின் கரியையும், வெடிப்பைத் தாங்கிப் பிழைத்த மரங்களின் ஆண்டு வளையங்களையும், பாறையில் உறைந்திருந்த காந்தத் திசையையும் ஆராய்ந்து, வெடிப்பு 1666ஐ ஒட்டி நிகழ்ந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மதுரையில் திருமலை நாயக்கர் மறைந்து சில ஆண்டுகளே ஆன காலம். அப்போது கூம்பின் அடியிலிருந்து வழிந்த குழம்பு, தெற்கேயிருந்து வந்துகொண்டிருந்த நீரின் வழியை அடைத்தது; அடைபட்ட நீர் காட்டை மூழ்கடித்துத் தேங்கியதுதான் ஸ்னாக் ஏரி. மூழ்கி மொட்டையாக நின்ற மரங்களை ஆங்கிலத்தில் ஸ்னாக் என்பார்கள். ஏரியின் பெயர் அங்கிருந்து வந்தது. அந்த ஏரியின் நீர் குழம்புப் பாறையின் இடுக்குகள் வழியே கசிந்து வடக்கே பியூட் ஏரியைச் சென்றடைகிறது. அதாவது, 2019இல் நாக்கு வறண்டு நாங்கள் நின்றுகொண்டிருந்த அதே வெளியின் அடியில்தான் ஓர் ஏரி இன்னோர் ஏரிக்குத் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அந்தப் பூங்காவின் ஏரிகளைப் பார்க்கும்போதெல்லாம் அதன் வழியை எது அடைத்தது என்று தேடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வடமேற்கு வாயிலருகே உள்ள மான்சனீட்டா ஏரி, ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன் அருகிலிருந்த எரிமலைக் குவடுகள் இடிந்து பாறைச் சரிவாக வந்து ஓர் ஓடையை அடைத்ததால் உருவானது. ஹாட் ஏரியோ 1915இல் லாசன் சிகரம் வெடித்தபோது பனி உருகி ஓடிவந்த சேற்று வெள்ளம் அடைத்ததால் பிறந்து, வண்டல் சேர்ந்து சேர்ந்து இன்று பெரும்பாலும் புல்வெளியாகிவிட்டது. மலைச் சாலையின் உச்சியருகே உள்ள ஹெலன் ஏரி மட்டும் பனியாறு குடைந்த பள்ளத்தில் தேங்கியது. நடைப்பயணம் போகிறவருக்கு இதெல்லாம் வெறும் தகவல் போலத் தோன்றலாம். ஆனால் எந்த ஏரிக்கு மண் கரை, எந்த ஏரிக்குப் பாறைக் கரை, எதில் கோடையின் இறுதியில் நீர் சுருங்கியிருக்கும் என்பதை ஊகிக்க எனக்கு மிகவும் உதவியது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில், அதே மைத்துனரோடும் பதினான்கு வயது மகளோடும் மீண்டும் போனேன். இம்முறை சிண்டர் கோன் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஸ்னாக் ஏரிக் கரையில் ஓர் இரவு தங்கி, இரு ஏரிகளின் கிழக்குப் பக்கமாகச் சுற்றித் திரும்பும் ஏறத்தாழ 13 மைல் பயணம். இடையில் அந்தக் காடு வேறாகிவிட்டிருந்தது. 2021 ஜூலை 13 அன்று பெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பற்றிய டிக்சி தீ, ஆகஸ்டில் பூங்காவுக்குள் நுழைந்து அதன் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடந்து சென்றது. ஹார்க்னெஸ் மலையுச்சியில் தீயைக் கண்காணிப்பதற்காகவே கட்டப்பட்டிருந்த காவல் கோபுரமும் அந்தத் தீயிலேயே எரிந்துபோனது.

முதல் நாள் பெரிய நடை எதையும் வைத்துக்கொள்ளவில்லை. சாக்ரமெண்டோவின் சமவெளியிலிருந்து ஒரே காலையில் 8,000 அடிக்கு வந்தவர்களுக்கு மூச்சு பழக ஒரு நாளாவது வேண்டும் என்பது என் அனுபவம். மகளுக்கு மாலையில் இலேசான தலைவலி வந்ததும் அதனால்தான். அந்த நாளைப் பம்பஸ் ஹெல் என்ற வெந்நீர்ப் பள்ளத்துக்கு ஒதுக்கினோம். 1860களில் கெண்டல் பம்பஸ் என்பவர் அங்கே மேலோட்டு மண்ணை உடைத்துக்கொண்டு கொதிசேற்றில் கால் விட்டு, பிறகு அந்தக் காலையே இழந்தார். அவர் பெயரே இடத்துக்கு நிலைத்துவிட்டது. அங்குள்ள ஆவித்துளை ஒன்றில் 161 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் அளக்கப்பட்டிருக்கிறது. மரப்பலகைப் பாதையின் ஓரத்தில் நின்று பார்த்தால், அப்பாலுள்ள நிலம் வெளுத்த களிமண் தரைபோல, ஓடிப்போய் மிதிக்கலாம் போல, மிகவும் நம்பிக்கையூட்டும் தோற்றத்தில் இருக்கிறது. “பாத்தா காஞ்ச தரை மாதிரிதானேப்பா இருக்கு,” என்றாள் மகள். பம்பஸுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும் என்றேன். இருமலோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் கந்தக நெடியில் அதிக நேரம் நிற்காமல் இருப்பது நல்லது. மைத்துனர் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டார்.

மறுநாள் விடியும் முன்பே பியூட் ஏரிக் கரையிலிருந்து நெற்றி விளக்குடன் புறப்பட்டோம். எனக்கும் மைத்துனருக்கும் ஆளுக்கு மூன்றரை லிட்டர், மகளுக்கு இரண்டரை. வெறும் தண்ணீரே மூன்றரைக் கிலோ என்னும்போது மற்ற எடையில் கை வைக்க வேண்டியிருந்தது. மாற்றுத் துணி, இரண்டாவது அடுப்பு, நாற்காலி எல்லாம் காரிலேயே தங்கின. கணுக்காலுக்கு மேல் வரும் தோல் ஷூக்களும், ஷூவின் வாயைச் சரளை புகாமல் மூடும் துணியுறைகளும் வாங்கியிருந்தோம். முதல் பயணத்தில் பட்டதற்கு இந்தத் துணியுறை ஒன்றே பாதி மருந்து என்று சொல்லலாம், விலையும் அதிகமில்லை.

அந்தப் பாதையின் முதல் பகுதி, 1850களில் கிழக்கிலிருந்து மாட்டு வண்டிகளில் வந்த குடியேறிகள் பயன்படுத்திய நோபிள்ஸ் தடம். காளைகளையும் வண்டிகளையும் இந்தச் சரளையில் எப்படி ஓட்டினார்களோ என்ற வியப்பு இரண்டாம் முறையும் எனக்கு அடங்கவில்லை. வெயில் ஏறுவதற்கு முன் ஜெஃப்ரி பைன் மரம் ஒன்றின் பட்டை இடுக்கில் மூக்கை வைத்து மகளை முகரச் சொன்னேன். வெனிலா வாசம் வரும் என்று படித்திருந்தேன். அவள் முகர்ந்துவிட்டு, பால்கோவா அடிப்பிடித்த வாசம் என்றாள். அதுதான் சரியான விவரிப்பு என்று இப்போதும் நினைக்கிறேன்.

கூம்பை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். இரவுக் குளிரில் சரளை சில்லென்று இருந்தது. வெயில் இன்னும் சரிவின் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. முதல் முறை கற்றுக்கொண்டவை எல்லாவற்றையும் அந்த முக்கால் மணி நேரத்தில் செயல்படுத்தினோம். அடியைப் பாதி அளவாகக் குறைத்துக்கொண்டு, முன்னால் போனவர் பதித்த குழியிலேயே பின்னால் வருபவர் காலை வைத்தோம். பாதத்தை வைத்தவுடன் உந்தாமல், சரளை அமுங்கி நிற்கும் வரை ஒரு நொடி பொறுத்துப் பிறகு எடையை மாற்றினோம். நூறு அடிக்கு ஒருமுறை நின்று, தாகம் இல்லாவிட்டாலும் இரண்டு மிடறு குடித்தோம். ஊன்றுகோல்கள் சமதரையில் எனக்கு இடைஞ்சலாகவே தோன்றும். அங்கே அவை இல்லாமல் மகள் ஏறியிருக்க மாட்டாள். மறுபக்கம் இறங்கும்போது முறை தலைகீழ்: குதிகாலை அழுத்திப் பதித்து, உடலைப் பின்னால் சாய்க்காமல் நேராக வைத்து, சறுக்கலோடு சேர்ந்தே இறங்க வேண்டும். பயந்து பின்னால் சாய்பவர்தான் விழுகிறார். மைத்துனர் விழுந்து உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டார். வண்ணச் சாம்பல் மேடுகளின்மேல் இறங்கி நடக்கக் கூடாது என்பது பூங்காவின் விதி. விதியை மீறிய யாரோ ஒருவரின் காலடித் தடங்கள் மேட்டின் நடுவே ஒற்றை வரிசையாகப் போய்த் திரும்பியிருந்ததைத் தொலைவிலிருந்தே பார்க்க முடிந்தது.

கூம்பைத் தாண்டியதும் எரிந்த காடு தொடங்கியது. அதைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எரிமலை நிலத்தைப் பற்றி என்னைத் தயார்ப்படுத்தியது போல எரிந்த நிலத்தைப் பற்றி யாரும் தயார்ப்படுத்தியிருக்கவில்லை. வரைபடத்தில் பச்சையாகக் காட்டியிருந்த இடமெல்லாம் கரிக்கம்பங்களாக நின்றன. நிழல் இல்லை, காலை பத்து மணிக்கே வெயில் நேராகத் தலையில் இறங்கியது. பாதையின் ஓரத்தை அடையாளம் காட்டும் புதரும் சருகும் போய்விட்டதால், எங்கும் ஒரே கரிச் சாம்பல். இரண்டு இடங்களில் பாதையை விட்டு விலகிவிட்டோம். இணையம் இல்லாமலே இயங்கும் வரைபடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தது கைகொடுத்தது. காகித வரைபடமும் பையில் இருந்தது. குறுக்கே விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிப் போவதிலேயே ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவானது. மைலுக்கு இத்தனை நிமிடம் என்ற பழைய கணக்கு அங்கே செல்லாது.

நிற்கும் மரங்கள்தான் உண்மையான ஆபத்து. தீ வேரை உள்ளுக்குள் தின்றுவிட்டிருக்கும். மேலே மரம் முழுசாகத் தெரியும். பிற்பகலில் ஏரியின்மேல் காற்று எழுந்தபோது, எங்கோ உள்ளே ஒரு மரம் கிரீச்சென்று முனகி, சில நொடிகள் கழித்துத் தரையில் மோதியது. நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தோம். அதன் பிறகு கூடாரம் அடிக்க இடம் தேடியபோது தரை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் தலையை உயர்த்திச் சுற்றிலும் உள்ள மரங்களின் உயரத்தைக் கண்ணால் அளந்தோம். அழகான இடம் ஒன்று கிடைத்தது, ஏரி நேர் எதிரே தெரிந்தது, ஆனால் பின்னால் கரிந்த மரம் ஒன்று சாய்ந்து நின்றது, விட்டுவிட்டோம். இறுதியில் கரையிலிருந்து விலகி, மரங்களே இல்லாத ஒரு வெட்டவெளியில் கூடாரம் போட்டோம். காட்சி ஒன்றும் பிரமாதமில்லை, தூக்கம் நன்றாக வந்தது.

புகையைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச்சில் எங்கள் போடிக்கு அருகே குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி மாண்ட பிறகு, கோடையின் பின்பகுதியில் எந்தக் காட்டுக்குப் போனாலும் இரண்டு செயல்களை நான் தவறவிடுவதில்லை. புறப்படும் காலையில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே தீ எரிகிறது, காற்று எத்திசையில் வீசுகிறது என்று பூங்கா அலுவலகத்தில் நேரில் கேட்பேன்; போகும் வழியைத் தவிர வெளியேறும் வழி ஒன்றையாவது வரைபடத்தில் பென்சிலால் குறித்து வீட்டில் ஒரு பிரதி கொடுத்துவிட்டுச் செல்வேன். திரும்ப வேண்டிய நேரத்தையும் அதில் எழுதி, அதைத் தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்றும் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அந்த முறை புகை எதுவும் இல்லை. இருந்திருந்தால் 13 மைல் சுற்றைக் கைவிட்டுக் கூம்போடு திரும்பியிருப்போம் என்று மகளிடம் முதலிலேயே பேசி வைத்திருந்தோம். ஆசையைத் தூண்டிவிட்டுக் கடைசி நேரத்தில் மறுத்தால் பிள்ளைகளிடம் மட்டுமல்ல, மைத்துனர்களிடமும் எடுபடாது.

இரவு உணவும் மறுநாள் உணவும் கரடியால் திறக்க முடியாத கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தன. பற்பசை, முகத்துக்குப் பூசும் களிம்பு உட்பட மணக்கும் எதுவும் அதற்குள்தான் போக வேண்டும். புளியோதரையை இம்முறையும் விடவில்லை, வற்றலை மட்டும் விட்டுவிட்டோம். காட்டுக்குள் தீ மூட்ட அனுமதியில்லை என்பதால் சிறு எரிவாயு அடுப்பில் வெந்நீர் வைத்து இஞ்சிப் பொடி போட்டுக் குடித்தோம். ஏரி நீர் பார்ப்பதற்குப் பளிங்குபோல இருந்தாலும் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது; வயிற்றைப் பல நாள் கலக்கும் ஜியார்டியா நுண்ணுயிரி கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டியைக் காலைக் குளிரில் வெளியே போட்டு வைத்தால் அதற்குள் தங்கிய நீர் உறைந்து நுண்குழல்கள் வெடித்துவிடும் என்பதால், அதை என் உறங்குபைக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன். மைத்துனர் அதைச் சொல்லி இரவெல்லாம் சிரித்தார்.

விடிகாலையில் மகள் என்னை எழுப்பினாள். கரிந்த மரம் ஒன்றிலிருந்து டொக் டொக் என்று ஓசை வந்துகொண்டிருந்தது. கறுப்பு முதுகு கொண்ட ஒரு மரங்கொத்தி, கரியை உரித்துப் பட்டைக்குள் இருந்த புழுவைத் தேடிக்கொண்டிருந்தது. கறுப்பு மரத்தில் கறுப்புப் பறவை, அசைந்தபோது மட்டுமே தெரிந்தது. தீப்பட்ட காடுகளைத் தேடி வரும் இனம் அது என்று பிறகு அறிந்தேன். மரத்தடிகளில் முழங்கால் உயரத்துக்குப் புதர்கள் பசுமையாகத் தழைத்திருந்தன. நான் 2019இல் பார்த்த காட்டை அவள் பார்க்கவில்லை என்பதால் அவளுக்கு இழப்பு எதுவும் தெரியவில்லை. அவளுக்கு அதுதான் அந்தக் காடு.

திரும்பும் பாதை பியூட் ஏரியின் கிழக்குப் பக்கமாக இறங்கியது. நண்பகல் தாண்டியிருந்தது. ஏரிக்கு மறுகரையில் குழம்புப் பாறை வெளி அப்படியே நீருக்குள் இறங்கி நின்றது. அதற்கப்பால் கூம்பு, அதன் உச்சியில் எறும்பளவில் யாரோ இருவர். அவர்களிடம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ என்று நினைத்தபடி ஒரு பாறையில் உட்கார்ந்தேன். என் புட்டியில் இன்னும் முக்கால் லிட்டர் இருந்தது. மைத்துனர் ஷூவைக் கழற்றிவிட்டு முழங்கால் நீரில் இறங்கி, வடிகட்டியை அழுத்தி ஒரு புட்டியை நிரப்பிக்கொண்டு வந்தார்.

“இந்தாங்க மாமா, நாலு வருசத்துக்கு முந்தி கேட்டீங்கல்ல,” என்று நீட்டினார். வெதுவெதுப்பாக, இலேசான பாசி வாடையுடன் இருந்தது. முழுப் புட்டியையும் குடித்தேன்.